கூரையில் ஒட்டிய முள்ளங்கி

எக்ஸ்ரே அக்கா வைத்த கொரிய விருந்தில் ஒரு முள்ளங்கி எழுந்து பறந்தது. பறந்து, விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி, கூரையில் போய் ஒட்டிக்கொண்டு, விருந்து முடியும்வரை அங்கிருந்தே எல்லார் தட்டையும் எட்டிப் பார்த்தது. அறை நிறைய ஆட்கள். ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. ஓடாதது மட்டுமா, அக்கா போட்ட ஒரே ஒரு அதட்டலில் அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரமும் கூடச் சேர்ந்து நிறுத்தியது. தெருவில் குரைத்துக்கொண்டிருந்த நாய் பாதிக் குரைப்பை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

நம்ப முடியவில்லையா? பரவாயில்லை. கடிகாரத்தையும் நாயையும் வேண்டுமானால் தள்ளுபடி செய்துகொள்ளலாம். முள்ளங்கியைத் தள்ள முடியாது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். அதன் தண்ணீரைப் புதுச் சட்டையில் வாங்கிக்கொண்ட வக்கீல் ஒருவரே இருக்கிறார். அதே கட்டடத்துக்குள் இருந்துகொண்டே நம்ப மாட்டேன் என்று நின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் அக்காவின் சொந்தக் கொழுந்தன். குழாய் வேலை செய்கிறவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் வாஷர்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். “மூச்ச இழுங்க. புடிங்க. அசையாதீங்க... விடுங்க.” இந்த நாலு வார்த்தைதான் அவள் உத்தியோகம். அந்தக் குரலுக்கு இருமல் நிற்கும், விக்கல் நிற்கும், வீறிட்டு அழுகிற குழந்தை வாயைத் திறந்தபடியே படமாகிவிடும். ஒரு தடவை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வார்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதாம். டாக்டர்கள் தலைதெறிக்க ஓடி வந்து, “அம்மா தாயே, சீக்கிரம் ‘விடுங்க’ சொல்லித் தொலைங்க!” என்று கும்பிட்டார்களாம்.

அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்றதும், அவள் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டார். பஞ்சு மெத்தை, கால் நீட்டப் பலகை, புத்தகம் வைக்கத் தட்டு, எல்லாம் உண்டு.

“இனிமே நீ இதுல நிம்மதியா சாஞ்சு கிடக்கலாம்,” என்றார்.

“ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் ஒண்ணுதான் குறை,” என்றாள் அக்கா.

அவள் மனம் முழுக்க வேறொரு இடத்தில் இருந்தது. தெருமுனையில் ஒரு சின்ன உணவகம். திங்கட்கிழமைகளில் மூடிக் கிடக்கும். அந்தத் திங்கட்கிழமை அடுப்பு அவளுக்கு வேண்டும். வாரம் ஒரு மாலை, புது மாதிரிக் கொரியச் சமையல், அவள் கையால்.

கொரியாவுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு மாடிப்படிதான் சம்பந்தம். மேல்வீட்டில் பல வருடம் ஒரு கொரியக் குடும்பம் குடியிருந்தது. அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன் தன் ஊரில் ஒரு சின்ன உணவகம் நடத்தியவள். பழைய ருசியை எடுத்துப் புது உருவத்தில் தட்டில் வைப்பதுதான் அவள் வித்தை. இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. இரண்டு பேரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே சமைப்பார்கள், சண்டைகூடப் போடுவார்கள். அந்தக் குடும்பம் ஊர் திரும்பும்போது அக்காவின் கை கொரியக் கையாக மாறியிருந்தது. மிளகாய் விழுதைத் தேனில் குழைத்துக் காளானில் தடவிச் சுடுவாள். சோயாப் பாலை அன்றன்றைக்கே காய்ச்சி உறைய வைத்து, நுரைக்க நுரைக்கப் பழுப்பாகக் காய்ச்சிய வெண்ணெயை அதன் தலையில் ஊற்றுவாள். எல்லாவற்றுக்கும் மேலே, அவளுடைய நீர்க் கிம்ச்சி. முள்ளங்கியும் பேரிக்காயும் இஞ்சியும் உப்புத் தண்ணீரில் கிடந்து தானாகப் புளிக்கும். மிளகாய்த்தூளைத் துணியில் கட்டிக் கசக்கிவிட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஐஸ் மாதிரிக் குளிர வைத்து ஒரு மடக்குக் குடித்தால், போன வருட ஜலதோஷம்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடும்.

உணவகத்து முதலாளியம்மாவிடம் போய் நின்றாள்.

“திங்கக்கிழமை அடுப்பு சும்மாதானே கிடக்கு. எனக்குக் குடும்மா.”

“அடுப்பு சும்மா கிடந்தாத்தான் அக்கா எனக்கு நிம்மதி. பாப்-அப் டின்னர்னு, ஒரே ஒரு நாள் விருந்து வைக்கிறேன்னு ஒருத்தர் வந்து என்ன பண்ணிட்டுப் போனாருன்னு தெரியும்ல?”

தெரியும். ஊருக்கே தெரியும். கண்ணாடி மூடிக்குள் புகையை அடைத்துத் தட்டில் வைத்துப் பரிமாறிய ஒரு சமையல்காரர். இரண்டாவது தட்டு வருவதற்குள் பாதிப் பேர் இருமிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரைத் தீயணைப்புக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

முதலாளியம்மா யோசித்தாள். “சரி, ஒரு திங்கக்கிழமை செஞ்சு காட்டுங்க. கடைசித் தட்டு மேசைக்கு வர்ற வரைக்கும் ஒருத்தர்கூட எழுந்து போகக் கூடாது. போகலன்னா இனிமே திங்கக்கிழமையெல்லாம் உங்களுக்கு. போயிட்டாங்கன்னா, பர்த்டே பார்ட்டி வைக்கணும்னு நெறையப் பேரு கேட்டுட்டு இருக்காங்க, அவங்களுக்குக் கொடுத்துடுவேன்.”

“கை கழுவப் போறவங்க?”

“போயிட்டுத் திரும்பி வந்தாச் சரி. கோவிச்சுட்டுப் போனாத்தான் கணக்கு.”

“என் ரூம்ல நான் சொல்லாம எவனும் அசைஞ்சதில்ல,” என்றாள் அக்கா. வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கால் தரையில் பட்டதா என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி கொழுந்தனுக்கு வருவோம். வாஷர் கை வைத்த குழாய் சொட்டாது. சொட்டினதாகச் சரித்திரமே இல்லை என்று அவரே சொல்வார், யாரும் கேட்காமலேயே சொல்வார். மழை பெய்தால் குடையை எடுக்க மாட்டார், அண்ணாந்து பார்த்து, “எங்கேயோ லீக்கு,” என்பார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முதலில் போய்ப் பார்ப்பது மாப்பிள்ளையை அல்ல, கைகழுவும் குழாயைத்தான்.

விருந்துக்கு முந்தின நாள் உணவகத்துச் சமையலறைத் தொட்டியைச் சரிசெய்ய அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மூலையில் மூன்று எவர்சில்வர் பால் கேன்கள் வெள்ளைத் துணி போர்த்தி நின்றன. ஒன்றின் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் நுரைத்து மெல்ல வழிந்தது.

“அண்ணி, கேன் லீக்காகுது.”

“லீக்கு இல்ல தம்பி. மூச்சு விடுது.”

“எது, முள்ளங்கியா?”

“ஆமா. உள்ள புளிக்கப் புளிக்கக் காத்து வரும். வந்த காத்து வெளிய போகணும். அதுக்குத்தான் மூடிய லூசா வச்சிருக்கேன்.”

“முள்ளங்கிக்கு மூச்சு, முட்டைக்கோஸுக்குத் தும்மல். ஆஸ்பத்திரிய விட்டு வந்தும் உங்களுக்கு அந்த நெனப்பு போகல அண்ணி.”

“சிரிங்க, சிரிங்க. ஆனா அதுல கை வச்சீங்கன்னா உங்க அண்ணன் வாங்கின சாய்வு நாற்காலியில உங்களக் கட்டிப் போட்டுடுவேன்.”

“நான் எதுக்குக் கை வைக்கிறேன்? என் வேலை தொட்டி.”

அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டார். ஆனால் அந்தத் தண்ணீர் தரையில் ஒரு சொட்டு விட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தார். நமக்கெல்லாம் பக்கத்தில் ஆள் குறட்டை விட்டால் எப்படியோ, அவருக்குச் சொட்டு விழுகிற சத்தம் அப்படி. அக்கா கேன்களில் இருந்ததைக் கடைசியாக ஒரு தடவை ருசி பார்த்துவிட்டு, வெங்காயத்தாள் வாங்கக் கடைக்குப் புறப்பட்டாள். அவள் தலை மறைந்ததும் அவர் பையைத் திறந்தார்.

மூடிக்கு அடியில் ரப்பர் வளையம். மேலே திருகி இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளாம்ப். கிளாம்ப் வழுக்காமல் இருக்க மஞ்சள் டேப். டேப்பின் நுனியை மடித்து முறுக்கி, எலி வால் மாதிரி ஒரு துண்டை நீட்டிவிட்டார். அவர் வேலைக்கு அதுதான் அடையாளம். ஊரில் எந்தச் சுவரைப் பெயர்த்துப் பார்த்தாலும் உள்ளே குழாயில் அந்த மஞ்சள் வால் இருக்கும். மூன்று கேன்களையும் அப்படியே இறுக்கி, மறுபடி துணியைப் போர்த்திவிட்டார். சொட்டு நின்றது. அண்ணிக்கு ஒரு உபகாரம் செய்த திருப்தியில் அவருக்கு விசில்கூட வந்தது.

அக்கா திரும்பி வந்து பார்த்தபோது தரை காய்ந்திருந்தது. துடைத்துவிட்டிருக்கிறார், நல்ல பிள்ளை, என்று நினைத்துக்கொண்டாள். விருந்தினர் முன்னால்தான் துணியை விலக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால் அவளும் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை மாலை, வெளிச்சம் மங்குவதற்கு முன்பே உணவகம் நிறைந்துவிட்டது. மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி. அக்காவின் வீட்டுக்காரர் கழுத்தில் வில் டை கட்டிக்கொண்டு பரிமாற நின்றார். டை அவரைக் கட்டியதா, அவர் டையைக் கட்டினாரா என்று சொல்ல முடியாதபடி இருந்தது முகம். மூன்று கேன்களும் துணிப் போர்வையோடு கூடத்தின் ஓரத்து மேசையில் கொலு இருந்தன. கூடத்தில் சூடு கொஞ்சம் அதிகம். முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னால் நின்று ஆட்களைப் பார்க்கவில்லை, நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் வாஷர். தொட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். வாசனை பிடிக்க வந்தார் என்பது அவர் மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜன்னல் ஓரத்து மேசையில்தான் வக்கீல். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, கடையிலிருந்து நேராக உடம்புக்கு வந்தது. மனைவி இழுத்து வந்திருந்தாள். ஊரில் எந்த விருந்திலும் பாதியில் எழுந்து போகிறவர் என்று அவருக்குப் பெயர். தன் தம்பி கல்யாணத்திலேயே அப்படிப் போயிருக்கிறார்.

முதல் தட்டு வந்தது. முட்டை ஓட்டுக்குள் நடுங்க நடுங்க அவித்த முட்டை, மேலே கருக்கிய வெங்காயத்தாள் எண்ணெய் ஒரு சொட்டு.

வக்கீல் ஒரே கரண்டியில் அதை முடித்துவிட்டு, “சாப்பாடு எப்ப வரும்?” என்றார்.

இரண்டாவது, உறைந்த சோயாப் பாலும் பழுப்பு வெண்ணெயும். பக்கத்து மேசையில் ஒரு பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியோடு சரிந்தார். வக்கீல் தட்டைச் சுரண்டிவிட்டு, “சாப்பாடு எப்ப வரும்?” என்றார்.

மூன்றாவது, மிளகாய்த் தேன் பூசிய காளான், சுடச்சுட ஒரு வாசனை இலையில் சுற்றியது. தின்றவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள். அக்காவின் காதில் இது எல்லாம் விழுந்தது. அவள் நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது.

“சாப்பாடு—” என்று ஆரம்பித்தார் வக்கீல்.

“அடுத்தது சாப்பாடுதான் சார்,” என்றார் வீட்டுக்காரர். “அதுவும் வரலன்னா நானும் உங்ககூட எழுந்து வந்துடறேன்.”

அடுத்ததுதான் விருந்தின் உயிர். குளிர்ந்த நூடுல்ஸ், அதன் மேல் நீர்க் கிம்ச்சி. கிண்ணங்கள் மேசைகளில் காத்திருந்தன. அக்கா ஓரத்து மேசைக்கு நடந்து போய், எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, முதல் கேனின் துணிக்குக் கையை நீட்டினாள்.

மூன்றாவது கேன் முந்திக்கொண்டது.

வெடித்த சத்தம் அடுத்த தெருவில் டயர் கடைக்காரரைத் தன் டயர்களைத் தடவிப் பார்க்க வைத்தது. மூடி துணியைப் பாராசூட் மாதிரி பிடித்துக்கொண்டு மேலே போனது. அதற்குப் பின்னால் முள்ளங்கித் துண்டுகள், பேரிக்காய், இளஞ்சிவப்பு மழை. மூடி ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தரை துடைக்கிற வாளியில் குதித்தது. துணி கல்லாவின் மேல் விழுந்தது. ஒரு முள்ளங்கித் துண்டு மட்டும் இறங்கவே இல்லை.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ வீறிட்டார்கள். வக்கீலின் வெள்ளைச் சட்டையில் இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்திருந்தன. அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, திங்கட்கிழமை எல்லாம் பலூனும் கேக்கும்தான்.

“மூச்ச இழுங்க!”

குரல் அக்காவுடையதுதான். அவள் யோசித்துச் சொல்லவில்லை, தொண்டைதான் தானாகச் சொன்னது.

“புடிங்க! அசையாதீங்க!”

அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்தார்கள். ஊரில் அந்த எக்ஸ்ரே மேசையில் படுத்து எழாதவர் யார்? எலும்பு அந்தக் குரலை மறக்குமா? வக்கீல் இடுப்பைப் பாதி தூக்கியபடி அந்தரத்தில் நின்றார். கரண்டியோடு போன கை கரண்டியோடு நின்றது. வீட்டுக்காரர் தட்டுடன் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி. கடிகாரம், நாய் எல்லாம் முதலிலேயே சொன்னதுதான்.

அந்த அமைதியில் அக்கா மீதி இரண்டு கேன்களின் துணியை விலக்கினாள். ரப்பர். கிளாம்ப். மஞ்சள் டேப், நுனியில் எலி வால்.

“ஓஹோ,” என்றாள்.

அதற்குள் ஆட்களின் முகம் மிளகாய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“விடுங்க.”

விட்டார்கள். அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி அத்தனையும் அணைந்தது. வக்கீல் மட்டும் இடுப்பை இறக்கவில்லை.

“என் சட்டையப் பாருங்க!”

“பாத்தேன் சார், எடுப்பா இருக்கு. உக்காருங்க. இன்னும் ரெண்டு கேன் இருக்கு, ரெண்டும் உங்க தலை உயரத்துக்குத்தான் குறி பாத்துட்டு நிக்குது. உக்காந்தா உங்களுக்கு மேல போயிடும்.”

நீதிபதி சொன்னாலும் வக்கீல் அத்தனை வேகமாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

“தம்பி!” அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினாள். “ஸ்பேனரோட வாங்க.”

வாஷர் தோளில் துண்டும் கையில் ஸ்பேனருமாக வந்தார். வெடித்த நேரத்தில் அவர் தலை தொட்டிக்கு அடியில் இருந்தது. ஏதோ பெரிய சட்டி விழுந்தது என்று நினைத்திருந்தார்.

“என்ன அண்ணி, இவ்வளவு அமைதியா இருக்காங்க? யாராச்சும் பேசப் போறாங்களா?”

“இதத் திறங்க. மொதல்ல காத்த மட்டும் எறக்குங்க. மெதுவா.”

அவர் மூன்றாவது கேனைப் பார்த்தார். “இத நீங்களே திறந்துட்டீங்களா? ஸ்பேனர் இல்லாம எப்படி?”

“அது தானாத் திறந்துக்கிச்சு.”

“அது நடக்காது,” என்று சொல்லிவிட்டு முதல் கேனின் கிளாம்பில் ஸ்பேனரை வைத்தார்.

காற்றை இறக்குவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். திருகை ஒரு மயிரிழை விட்டார். ஸ்ஸ்ஸ்... நிறுத்தினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு மயிரிழை. ஸ்ஸ்ஸ்ஸ். அறை முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தது. கடைசியில் மூடி ஒரு பெருமூச்சு விட்டுத் திறந்துகொண்டதும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. வாஷர் தனக்குத்தான் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டு, அடுத்த கேனையும் அப்படியே இறக்கினார்.

அக்கா ஒரு கரண்டி மொண்டு பார்த்தாள். வாய்க்குள் ஆயிரம் ஊசி மெல்லக் குத்தின. ஒரு நாள் முழுக்க வெளியே போக வழியில்லாத காற்று தண்ணீரிலேயே கரைந்து கிடந்தது. அவள் செய்த நீர்க் கிம்ச்சிதான், ஆனால் சோடா மாதிரித் துள்ளியது. மேல்வீட்டு அம்மாள் பார்த்திருந்தால் தன் பாஷையில் கத்தியிருப்பாள், பிறகு இன்னொரு கரண்டி கேட்டிருப்பாள்.

“ஊத்துங்க,” என்றாள் வீட்டுக்காரரிடம். “நொரை அடங்குறதுக்குள்ள.”

கிண்ணம் கிண்ணமாகப் போனது. நூடுல்ஸ் மேல் இளஞ்சிவப்புத் தண்ணீர் சிரித்துக்கொண்டே ஏறியது. ஆட்கள் ஒரு வாய் உறிஞ்சினார்கள். மூக்கு சுறுசுறுத்தது, கண் கலங்கியது, பிறகு குனிந்த தலை நிமிரவில்லை. வக்கீல் நூடுல்ஸை முடித்து, கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்து, மேசையில் வைத்தார். ஒரு கணம் யோசனையாக இருந்தார். அப்புறம் ஒரு ஏப்பம் விட்டார். நீதிமன்றமாக இருந்தால் எல்லாரும் எழுந்து நின்றிருப்பார்கள். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி பல் டாக்டர் ஒன்று விட்டார். அப்புறம் யார் வெட்கப்படுகிறார்கள்? அறை முழுக்கத் தவளைக் குளமாகிவிட்டது, சிரிப்பும் ஏப்பமும்.

“இன்னொண்ணு எப்ப வரும்?” என்றார் வக்கீல்.

கடைசித் தட்டு, சோயா விழுதும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறைய வைத்த ஐஸ்கிரீம், மேலே பொரித்த அரிசி. அது எல்லா மேசைக்கும் போனபோது எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. முதலாளியம்மா சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு அக்காவிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி.

“யாரும் எழுந்து போகல அக்கா. ஆனா வக்கீல் சார் கொஞ்சம் எழுந்தாரே?”

“அப்ஜெக்‌ஷன்,” என்றார் வக்கீல் வாய் நிறைய ஐஸ்கிரீமுடன். “இடுப்புதான் எழுந்துச்சு, முட்டி நிமிரல. அது எழுந்ததா ஆகாது. இடுப்பு என்னுது, நானே சாட்சி.”

“சரி, அது போகட்டும்.” முதலாளியம்மா காலி கேனைப் பார்த்தாள். “இது ஏன் வெடிச்சுச்சு? அதச் சொல்லுங்க. இதோட சுபாவமே வெடிக்கிறதுன்னா, என்ன ருசியா இருந்தாலும் இந்த அடுப்படிக்குள்ள நான் விட மாட்டேன். வாரா வாரம் என் சீலிங்கத் தொடச்சிட்டு இருக்க முடியாது. யாரோ இறுக்கி மூடினதால வெடிச்சுதுன்னா அது வேற விஷயம்.”

“இறுக்கி மூடினதாலதான்,” என்றாள் அக்கா. “தம்பியக் கேளுங்க.”

எல்லாரும் வாஷரைப் பார்த்தார்கள்.

அவர் ஒரு கிண்ணத்தோடு கதவில் சாய்ந்திருந்தார். “நான் மூடினேன். இல்லன்னு சொல்லல. ஆனா நான் மூடினது வெடிக்காது. என் கிளாம்ப் கழண்டதா சரித்திரம் இருக்கா? அண்ணியே மறந்துபோய்த் திறந்திருப்பாங்க.”

“நாங்க அத்தனை பேரும் பாத்தோமே!” என்றார் பல் டாக்டர்.

“கூட்டமாப் பாத்தா அப்படித்தான் தோணும்.”

“மூடி வாளியில கிடந்துச்சு.”

“கை தவறி விழுந்திருக்கும்.”

“என் சட்டை?” என்றார் வக்கீல்.

“நீங்க அவசர அவசரமாச் சாப்பிடுவீங்க சார், எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப அது?” அக்கா விரலை மேலே நீட்டினாள். முள்ளங்கி கூரையில் பளபளவென்று ஒட்டியிருந்தது.

வாஷர் அண்ணாந்து பார்த்தார். “யாரோ தூக்கிப் போட்டிருக்காங்க. ஏணி குடுங்க, நானே எடுத்துக் காட்டுறேன்.”

முதலாளியம்மாவின் விரலில் சாவிக்கொத்து சுற்றுவதை நிறுத்தியது. அக்கா ஏணி கொண்டுவரச் சொன்னாள். கொழுந்தனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தள்ளினால் சுவர். அவராக வந்தால்தான் உண்டு.

ஏணி வந்தது. வீட்டுக்காரர் அடியில் பிடித்துக்கொண்டார். வாஷர் ஏறினார், முள்ளங்கியைப் பிய்த்து எடுத்தார், “பாருங்க, வெறும் முள்ளங்கி,” என்று ஜெயித்த மாதிரி காட்டினார். அப்புறம் இறங்கத் திரும்பியபோது அவர் கண் கூரை விளக்கின் குடை விளிம்பில் நின்றது.

அங்கே ஒரு கிளாம்ப் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் பிளந்து, திருகு கோணலாகி. அதில் மஞ்சள் டேப். டேப்பின் நுனியில் ஒரு வால்.

அவர் அதைத் தொடவில்லை. முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு ஏணியில் அப்படியே நின்றார். கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. தோள் இரண்டும் மேலே ஏறி, விலா விரிந்து, அசையாமல் நிற்கிற முதுகு. இப்படி எத்தனை முதுகைப் பார்த்திருக்கிறாள். மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் ஏணிக்குப் பக்கத்தில் போனாள். இந்தத் தடவை அதட்டவில்லை.

“விடுங்க தம்பி,” என்றாள்.

தோள்கள் இறங்கின. வாஷர் கையை நீட்டிக் கிளாம்பை எடுத்து, வாலைத் தடவிப் பார்த்து, முதலாளியம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

“பறந்துதான் போயிருக்கு,” என்றார். “நான் போட்டதுதான், கழண்டுடுச்சு. அண்ணி அப்பவே சொன்னாங்க, அது மூச்சு விடணும்னு.”